பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன்: அறிகுறியைப் பிடித்துக் குறையைக் கண்டுபிடிக்கும் வழி

நாற்பது, ஐம்பது வருடம் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரில் குறை இருக்கத்தான் செய்யும். "குறையே இல்லை சார்" என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு வேலையைத் தொடருங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. ஒரே புகைக்கும் ஒரே சத்தத்துக்கும் பின்னால் ஒரு மதிய நேர வேலையும் இருக்கலாம், இன்ஜினையே இறக்கிப் பிரிக்கும் வேலையும் இருக்கலாம். இரண்டில் எது என்று காட்டிக்கொடுக்கும் சோதனை அநேகமாக எல்லா அறிகுறிக்கும் உண்டு. பாதிக்கு மேல் கருவிகூடத் தேவைப்படாது.

கையில் டார்ச், மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம், கைக்கண்ணாடி, மல்டிமீட்டர், தரையில் விரித்துப் படுக்க ஏதாவது இருக்கட்டும். கிடைத்தால் பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர். கூட ஒரு ஆள் கட்டாயம்: பெடலை மிதிக்க ஒருவர், கீழே பார்க்க ஒருவர். பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது பாருங்கள். நனைந்த பெயின்ட் எல்லாக் கோணலையும் மறைத்துவிடும். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருக்கிறது

முதல் வேலையாக பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் "ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தினேன்" என்று பதில் வரும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் குளிர்ந்த இன்ஜின் சொல்லும் விஷயங்கள் பல: பேட்டரிக்குத் தெம்பு இருக்கிறதா, குளிரில் பெட்ரோலைக் கூட்டித்தரும் சோக் வேலை செய்கிறதா, ராத்திரி முழுக்க வால்வு வழியாக ஆயில் இறங்கியிருக்கிறதா, கியர் ஆயில் கெட்டியாக இருக்கும்போது இரண்டாம் கியர் விழுகிறதா. சூடான வண்டியில் இவை எதுவும் தெரியாது. சண்டை போட வேண்டாம். பாடியையும் காகிதங்களையும் முதலில் பாருங்கள், அதற்கே நேரம் பிடிக்கும். பிடித்திருந்தால் மறுநாள் காலை முன்னறிவிப்பு இல்லாமல் இன்னொரு முறை போங்கள்.

சேஸிஸ் எண்ணைச் சுற்றிப் பெயின்ட் புதிதாக இருக்கிறது, அல்லது எண் காகிதத்தோடு ஒத்துப்போகவில்லை

இன்ஜின் எண் மாறியிருப்பதும் சேஸிஸ் எண் (வண்டியின் அடையாள எண்) மாறியிருப்பதும் ஒன்றல்ல. பழைய எம்.ஜி., டிரையம்ஃப் வண்டிகளில் தேய்ந்த இன்ஜினைக் கொடுத்துவிட்டு, கம்பெனியே புதுப்பித்த வேறு இன்ஜினை வாங்கிப் போடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு அது பெரிய விஷயமில்லை. மூல இன்ஜினோடு இருக்கும் வண்டி என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் அந்தக் கூடுதலைக் கழித்துவிடலாம்.

சேஸிஸ் எண் வேறு கதை. 1981-லிருந்துதான் 17 எழுத்து-இலக்கம் கொண்ட பொதுவான அடையாள எண் பரவலாக வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. அதனால் நீங்கள் பார்க்கும் மாடலில் எண் எத்தனை இடத்தில், எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். ரிவெட் மாற்றிய தகடு, எண்ணைச் சுற்றி வெல்டிங் கோடு, எண்ணின் அடியில் அரத்தால் தேய்த்த தடம், இதில் எது தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மெக்கானிக் சரிசெய்ய முடியாத ஒரே குறை இதுதான். எம்.ஜி., ஜாகுவார் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பழைய தயாரிப்புப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தரும் ஆவண அறக்கட்டளைகள் உண்டு. தயாரித்த தேதி, முதல் நிறம், முதல் இன்ஜின் எண் எல்லாம் அதில் இருக்கும். விற்பவரிடம் அது இல்லையென்றால் வாங்கும் முன் விண்ணப்பிக்கச் சொல்லலாம்.

கதவு இடுக்கு மேலே குறுகி, கீழே விரிந்திருக்கிறது

இங்கே அவசரப்படாதீர்கள். இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. ஒரே கூடாக வெல்டு செய்த பாடி துருப்பிடித்தால் கழற்றி மாட்ட அங்கே எதுவும் இல்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. கூரையும் இல்லாத திறந்த வண்டியில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பது முக்கியமாகக் கதவுக்குக் கீழே ஓடும் சில். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு கொண்ட பெட்டி அது. உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்யும். தொய்யும்போது கதவுக்கு முன்னும் பின்னும் உள்ள தூண்களின் தலைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். அதனால்தான் இடுக்கு மேலே குறுகுகிறது.

ஆனால் கதவுக் கீல் தேய்ந்தாலும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். பிரித்துப் பார்ப்பது எப்படி? கதவைப் பாதி திறந்து, பின்முனையைக் கையால் பிடித்து மேலே தூக்குங்கள். கடகடவென்று ஆடினால் கீல். அது ஒரு நாள் வேலை. ஆடாமல் கல் மாதிரி நின்று, ஆனாலும் இடுக்கு கோணலாக இருந்தால் பாடி தொய்ந்திருக்கிறது. உறுதி செய்ய, விற்பவரைக் கேட்டுக்கொண்டு, கதவுகளை மூடிவைத்து வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். இப்போது இடுக்கைப் பாருங்கள், கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். தூக்குவதற்கு முன் சுலபமாக மூடிய கதவு இப்போது இடித்தால், சில் தன் வேலையைச் செய்யவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகுதான்.

இன்னொரு வகையும் உண்டு, அது கொஞ்சம் வயிற்றெரிச்சல் தரும். சில் புதிது, வெல்டிங் சுத்தம், பெயின்ட் அருமை. இடுக்கு மட்டும் கோணல். தொய்ந்த வண்டியை நிமிர்த்தி, உள்ளே குறுக்குக் கம்பி கொடுத்துப் பிடிக்காமல் அப்படியே புது சில்லை வெல்டு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். கோணலை நிரந்தரமாக்கிவிட்டார்கள். சரிசெய்ய வேண்டுமென்றால் அந்தப் புது சில்லையே வெட்டி எடுக்க வேண்டும். பழுது பார்த்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர்கள் படம் எடுக்காமல் இருப்பதில்லை.

பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது, காந்தம் ஒட்ட மறுக்கிறது

கம்பெனி அடித்த பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். மேலே ஒரு முறை பெயின்ட் அடித்திருந்தால் 200, 300 காட்டும். இந்த வயது வண்டிக்கு அது குற்றமில்லை. 1000-ஐத் தாண்டினால் அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள். மீட்டர் இல்லாவிட்டால் காந்தத்தை வைத்து நகர்த்துங்கள். கனமான பட்டி உள்ள இடத்தில் பிடி தளரும். எல்லா இடத்திலும் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் கீழ்ப்பகுதி, கதவின் அடிவிளிம்பு, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், இந்த மூன்று இடம். வலப்பக்கத்து அளவை இடப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

அடிப்பாகத்தில் புதிதாக, கனமாக, கறுப்பாகத் தார் மாதிரிப் பூச்சு தெரிந்தால் என் சந்தேகம் உடனே கூடிவிடும். விற்பதற்கு முன் அடிப்பாகத்துக்குப் பூச்சு பூச என்ன அவசரம்? ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் நெடுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். துரு தின்ற தகடும் பட்டியும் மந்தமாகச் சத்தம் தரும்.

ஒவ்வொரு மாடலுக்கும் துரு பிடிக்கும் இடம் வேறு. 1989-ல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 பற்றி, நம்பகமான வண்டி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள். இன்ஜினுக்கு அது பொருந்தும். ஆனால் துணிக்கூரையிலிருந்து வடியும் தண்ணீர் இறங்கும் குழாய் குப்பையால் அடைத்துக்கொண்டால், தண்ணீர் உள்ளேயே தங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் சில்லை உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஒரு குவளைத் தண்ணீரை அந்த வடிகாலில் ஊற்றி, கீழே எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பாருங்கள். டட்சன் 240இசட்டில் பேட்டரித் தட்டு, தரைத் தகடு, அதன் அடியில் ஓடும் சட்டம். ஜாகுவார் இ-டைப்பில் இன்ஜினைத் தாங்கும் சதுரக் குழாய்ச் சட்டகம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. போர்ஷே 911-ல் 1976 மாடலிலிருந்து முழு பாடிக்கும் துத்தநாகப் பூச்சு வந்தது. அதற்கு முந்தையவற்றில் துருவை எங்கும் எதிர்பார்க்கலாம். பிந்தையவற்றில் மோதிப் பழுது பார்த்த இடங்களைத் தேடுங்கள், ஏனென்றால் வெல்டு செய்த இடத்தில் அந்தப் பூச்சு போய்விடும்.

ஃபைபர் பாடி வண்டிகளில் காந்தத்துக்கு வேலையில்லை. லோட்டஸ் எலானில் நட்சத்திர வடிவ விரிசல்களைத் தேடுங்கள். அவை பெயின்ட் வேலை, காசு பிடிக்கும், ஆனால் ஆபத்தில்லை. ஆபத்து உள்ளே இருக்கும் முதுகெலும்பு போன்ற இரும்புச் சட்டத்தில். மாற்றுச் சட்டம் போட்ட எலானாக இருந்தால், விசாரித்துப் பார்த்துவிட்டு, நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஷெவர்லே கார்வெட்டிலும் ஃபைபர் தோலுக்குள் விண்ட்ஷீல்டைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கிறது. துரு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கால் வைக்கும் இடத்தில் கம்பளம் ஈரம்

விரலால் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் விண்ட்ஷீல்டு ரப்பரோ பானட்டுக்கு அடியில் உள்ள வடிகாலோ காரணம். ரப்பர் மலிவு, ஆனால் கம்பளத்தைத் தூக்கி அடியில் உள்ள தகட்டைக் கட்டாயம் பாருங்கள். வழுவழுப்பாக, இனிப்பு வாசத்தோடு இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் ஒழுகுகிறது. பெடலின் தண்டு வழியாக எண்ணெய் மாதிரி இறங்கி, சுற்றியுள்ள பெயின்டைக் கிளப்பியிருந்தால் அது பிரேக் ஃப்ளூயிட்; பிரேக் அல்லது கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது.

ஸ்டார்ட் ஆனதும் புகை

சைலன்சருக்குப் பின்னால் உங்கள் ஆளை நிறுத்திவிட்டு, நீங்கள் சாவியைத் திருப்புங்கள். புகையின் நிறம் பாதிதான் சொல்லும், வரும் நேரம் மீதியைச் சொல்லும்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்த நொடியில் ஒரு கொத்து வந்து, உடனே தெளிந்துவிட்டால் வால்வு சீல் அல்லது கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்). ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பகுதியை, மட்டும் கழற்றிச் செய்யும் வேலை. ஓட்டும்போது, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது வந்தாலும் அதே காரணம்தான்: கால் எடுத்ததும் இன்டேக்கில் உறிஞ்சும் இழுப்பு கூடி, தேய்ந்த கைடு வழியாக ஆயிலை இழுத்துவைத்திருக்கும். மேட்டில் இழுவை கொடுக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் தேய்மானம். அது இன்ஜினைப் பிரிக்கும் வேலை. ஒரு விதிவிலக்கு: பல நாள் நின்ற ஏர்-கூல்டு 911, சிலிண்டர்கள் படுத்திருப்பதால், ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் நீலப் புகை விடுவது இயல்பு.

வெள்ளைப் புகை குளிர்ந்த நேரத்தில் வெறும் நீராவி. சூடான பிறகும் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) என்று எல்லோரும் உடனே சொல்லிவிடுவார்கள். அவசரம் வேண்டாம். பிரேக் சர்வோ (இன்ஜினின் உறிஞ்சும் இழுப்பால் பிரேக்குக்கு வலுக்கூட்டும் பாகம்) உள்ள வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் சீல் கசிந்தால், இன்ஜின் சர்வோ வழியாக பிரேக் ஃப்ளூயிடை உறிஞ்சி எரித்து இதே மாதிரி வெள்ளைப் புகை தள்ளும். கூலன்ட் குறைகிறதா, பிரேக் ஃப்ளூயிட் குறைகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவது. எஸ்.யு. கார்புரேட்டர் உள்ள வண்டியில் சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் ஜெட் (பெட்ரோல் வரும் துளைக்குழாய்) சில நேரம் கீழேயே சிக்கிக்கொண்டு நிற்கும். விரலால் மேலே தள்ளிப் பாருங்கள், புகை நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது.

சந்தேகம் தீரவில்லையென்றால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) மீட்டர் வைத்துப் பாருங்கள். இன்ஜின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி. மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது.

இன்ஜினில் தட்டும் சத்தம்

மேலேயிருந்து லேசாக டிக் டிக் என்றால் டேப்பெட், அதாவது வால்வைத் தள்ளும் பாகத்தில் உள்ள சிறு இடைவெளி. பழைய இன்ஜினில் சத்தம் போடும் டேப்பெட் நல்ல டேப்பெட். எனக்குக் கவலை தருவது சத்தமே இல்லாதது. ஈய பெட்ரோலுக்காகச் செய்த இரும்பு ஹெட்டில், ஈயமில்லாத பெட்ரோலில் விரட்டி ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கைக்குள் மெல்லப் புதையும். அந்த டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வந்து ஒருநாள் இல்லாமலே போகும், சத்தமும் போய்விடும். கடினமான வால்வு சீட் போட்ட பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கீழேயிருந்து கனமாக டொக் டொக் என்றால் பேரிங். ஐடிலுக்கு (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும் வேகம்) சற்று மேலே வைத்து, ஒவ்வொரு பிளக்காக நிறுத்திப் பாருங்கள் (வயரைக் காப்பிட்ட பிடியால் கழற்றி, முனையை இன்ஜினில் எர்த் செய்து வையுங்கள்). எந்த சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் அடங்குகிறதோ, அதன் பிக் எண்ட் (பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங்) போயிருக்கிறது.

டிரையம்ஃப் டிஆர்6, ஸ்பிட்ஃபயர் பார்க்கப் போனால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். இன்ஜின் அணைந்திருக்க, முன்பக்கத்தில் குனிந்து கிராங்க் புல்லியையே (இன்ஜின் முன்னால் பெல்ட் ஓடும் கீழ்ச்சக்கரம்) பார்த்துக்கொண்டிருங்கள். உங்கள் ஆள் கிளட்ச்சை முழுக்க மிதித்து விடட்டும். புல்லி முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால், கிராங்க் ஷாஃப்டைப் பிடித்துவைக்கும் அரைவட்டத் தகடுகள் தேய்ந்துவிட்டன. முற்றிலும் தேய்ந்தால் அவை கழன்று ஆயில் தொட்டியில் விழும், பிறகு பிளாக்கே கெடும். புல்லி லேசாக நகரும்போது பிடித்துவிட்டால் ஆயில் தொட்டியைக் கழற்றி மாற்றுவதோடு தப்பலாம்.

அறிகுறியே காட்டாத குறை ஒன்றும் உண்டு. போர்ஷே 944-ல் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அறுவதற்கு முந்தைய நொடி வரை இன்ஜின் இனிமையாக ஓடும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

சூடானதும் ஆயில் பிரஷர் விழுகிறது

கொஞ்சம் விழுவது இயற்கை. நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. எம்.ஜி.பி.யில் சூடாக ஓடும்போது 50 முதல் 80, ஐடிலில் 10 முதல் 25 வரை சரி. அதற்குக் கீழே போனால் முதலில் மீட்டரைச் சந்தேகியுங்கள், குறிப்பாக மின்சார சென்டர் (அழுத்தத்தை அளந்து மீட்டருக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டியில். தனி பிரஷர் மீட்டரை இன்ஜினிலேயே மாட்டிப் பார்த்தால்தான் நிச்சயம். எதிர்ப்பக்கமும் உண்டு: தேய்ந்த இன்ஜினில் மிகக் கெட்டியான ஆயில் ஊற்றி முள்ளைத் தூக்கி நிறுத்துவார்கள். இருபது நிமிடமாவது ஓட்டி நன்றாகச் சூடான பிறகுதான் முள்ளை நம்பலாம்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன், அதன் சுவிட்ச், பெல்ட். வேகத்தில் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், அல்லது கேஸ்கெட். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். பழுப்பாகக் குழம்பிய தண்ணீர் என்றால் பல வருடமாகக் கூலன்ட் ஊற்றவில்லை. மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து, விடாமல் குமிழி வந்தால் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரிப் படிவு தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் அப்படிச் சேரும். டிப் ஸ்டிக்கிலும் அதே இருந்தால்தான் விவகாரம்.

கியர் உராய்கிறது, கழல்கிறது

பழைய ஆல்ஃபா ஸ்பைடரில் குளிர்ந்த நேரத்தில் இரண்டாம் கியர் கர்ர் என்பது பிரசித்தம். சூடானதும் போய்விட்டால் அதோடு வாழலாம். சூடான பிறகும் எல்லாக் கியரிலும் உராய்ந்தால் கியர் பாக்ஸைவிட கிளட்ச் முழுதாக விடுபடாததே காரணமாக இருக்கும், ஹைட்ராலிக்கைப் பாருங்கள். காலை எடுத்ததும் கியர் தானே நியூட்ரலுக்கு வந்து விழுந்தால் பாக்ஸைப் பிரிக்க வேண்டும். கிளட்ச் வழுக்கலைப் பார்க்க, மேல் கியரில் குறைந்த வேகத்தில் போய் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் தட்டு முடிந்தது.

கிளப்பும்போது பின்னால் "டொக்"

முன்னே ஒரு டொக், ரிவர்ஸில் ஒரு டொக். யுனிவர்சல் ஜாயின்ட், டிஃபரென்ஷியல், அல்லது கம்பிச் சக்கரம். மூன்றும் ஒரே மாதிரிக் கேட்கும். கம்பிச் சக்கரம் உள்ள வண்டியில் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, உங்கள் ஆளை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பப் பாருங்கள். பிரேக் பிடித்திருக்கும்போதும் சக்கரம் கொஞ்சம் அசைந்தால் நடுவில் உள்ள பற்கள் தேய்ந்துவிட்டன. ஹப் (சக்கரம் மாட்டும் நடுத்துண்டு), சக்கரம் இரண்டும் மாற்ற வேண்டும். புதுச் சக்கரத்தைத் தேய்ந்த ஹப்பில் மாட்டினால் அதையும் தின்றுவிடும். அப்படியே ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் தட்டுங்கள், மந்தமாகக் கேட்பது தளர்ந்தது. யுனிவர்சல் ஜாயின்டைக் கையால் முறுக்கினாலே தெரியும், மாற்றுவது எளிது. லோட்டஸ் எலானில் டொக் இல்லாமல் ரப்பர் மாதிரி இழுத்து இழுத்து விட்டால் டிரைவ் ஷாஃப்டில் உள்ள ரப்பர் வளையங்களின் குணம் அது. விரிசல் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஸ்டியரிங் ஆட்டம், பிரேக் இழுப்பு

தூக்கிய முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் உங்கள் ஆள் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், மலிவு. நிற்காவிட்டால், ஸ்டியரிங்கோடு சக்கரம் திரும்ப உதவும் கிங்பின் அல்லது பால் ஜாயின்ட்.

பிரேக் பெடலை அழுத்தியபடியே பிடித்திருந்தால் மெல்ல இறங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டர். பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்று. காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) குறை சொல்வதற்கு முன் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். உள்ளே வீங்கி, ஃப்ளூயிட் திரும்பி வர விடாது. இ-டைப்பில் பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, டிஃபரென்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கின்றன. அங்கே ஆயில் கசிந்தால் பிரேக்கும் கெடும், சரிசெய்யப் பின்பக்கச் சட்டகத்தையே இறக்க வேண்டிவரும். டார்ச் அடித்து அங்கே ஒரு நிமிடம் கூடுதலாகப் பாருங்கள்.

டயரில் பட்டன் புதிதாக இருக்கிறதே என்று மகிழாதீர்கள். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2312 என்றால் 2012-ன் 23-ஆம் வாரம். மூன்று இலக்கம்தான் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர். அதில் சோதனை ஓட்டமே வேண்டாம்.

விளக்கு மங்கல், சார்ஜ் லைட் எரிகிறது

இதற்குப் பயந்து நல்ல வண்டியை விடாதீர்கள். பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் பழைய வயரிங் பற்றிய ஜோக்குகள் ஏராளம். முக்கால்வாசி கோளாறு துருப்பிடித்த எர்த் (பாடியோடு சேரும் இணைப்பு) மட்டும்தான். அணைந்த நிலையில் பேட்டரி 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 இருந்தால் சார்ஜிங் நன்று. ஆல்டர்நேட்டருக்குப் பதில் பழைய டைனமோ உள்ள வண்டியில் ஐடிலில் சார்ஜ் லைட் லேசாக மினுங்குவது குறையல்ல. 1967-க்கு முந்தைய எம்.ஜி.பி.யில் பாசிட்டிவ்தான் எர்த். மல்டிமீட்டரை வைக்கும்முன் அதை நினைவில் கொள்ளுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் ஊர்ப்பட்ட நிறத்தில் வயர்களும் டேப் சுற்றிய முடிச்சுகளும் தொங்கினால் மட்டும் புது வயரிங் செலவைக் கணக்கில் சேருங்கள்.

பெட்ரோல் வாசம்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைக் கெடுத்துவிடும். ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தாலோ பிசுபிசுப்பு ஒட்டினாலோ அந்த வண்டியை அன்று ஓட்ட வேண்டாம். ஹோஸ் மாற்றிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஓட்டி வந்து நிறுத்திய பிறகு

விற்பவர் கைகுலுக்கத் தயாராக இருப்பார். இன்னும் பத்து நிமிடம் கேளுங்கள். இன்ஜினை அணைத்து, தரையில் ஒரு அட்டையை விரித்துவிட்டு, காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட்டர் திணறினால் மோட்டாரோ கேபிளோ; ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து ஆவியாகியிருக்கும், வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். அட்டையை உருவி எடுங்கள். கறுப்பு அல்லது பழுப்புச் சொட்டு இன்ஜின் ஆயில். ஒன்றிரண்டு இருந்தால் இந்த வயதில் மன்னிக்கலாம். கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் கந்தக வாசத்தோடு இருந்தால் கியர் ஆயில். பச்சை, நீலம், சிவப்பு என்று நிறமும் இனிப்பு வாசமும் இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்கு உள்பக்கத்தில் நிறமற்ற வழுவழுப்பான சொட்டு விழுந்திருந்தால் அது பிரேக் ஃப்ளூயிட், அதைச் சரிசெய்யும்வரை வண்டியை நீங்களாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், லாரியில் ஏற்றுங்கள்.